பாயா சாப்பிட வந்த மூடுபனி

நெடுமட்டம் என்கிற மலையூரில் ஒரு மார்கழி மதியம், அதுவரை ஊரைச் சுற்றிக்கொண்டு வெளியிலேயே நின்றிருந்த மூடுபனி ஹோட்டல் வெண்ணிலாவுக்குள் நுழைந்து, ஃபேமிலி ரூமில் ஜன்னலோரமாகக் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்டுக்கால் பாயா சாப்பிட்டது.

அதைக் கூப்பிட்டவள் அமிர்தவல்லி. கடைவீதியில் ஸ்வெட்டரும் குல்லாயும் விற்கிற அவளுக்கு, கண்ணில் பட்டவரையெல்லாம் கூப்பிட்டுவிடுகிற வாய். தெருவில் போகிறவரை டீ குடிக்கக் கூப்பிடுவாள், பஸ் ஜன்னலில் தெரிகிற முகத்தை வீட்டுக்கு வந்து தங்கிப் போகச் சொல்வாள். ஒருமுறை பார்சல் கொடுக்க வந்த ஆளைப் பேச்சுவாக்கில் மகளுடைய வளைகாப்புக்குக் கூப்பிட்டுவிட, அவர் மனைவி, மாமனார், மாமனாரின் தம்பி சகிதம் வந்து முதல் பந்தியில் உட்கார்ந்தார். அவர்கள் யார் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த மேஜை நாலு பேருடையது. பாவாடை தாவணிக் காலத்தில் ஒரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வரிசையாக உட்கார்ந்து தட்டிய நாலு பேர், குழாய்த் தண்ணீரில் விரல் வைக்க முடியாதபடி குளிர் ஏறுகிற வாரத்தில், வருஷா வருஷம் வெண்ணிலாவில் கூடி மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். அமிர்தவல்லி, வர்க்கி பிஸ்கட் சுடுகிற பேக்கரி நடத்துகிற ஜமீலா, தபாலாபீஸிலிருந்து ஓய்வு பெற்ற, சாப்பாட்டுக்கு முன்னால் தெரிந்தவர்கள் பேரையெல்லாம் சொல்லி ஜெபம் செய்து சோறு ஆறின பிறகே ஆமென் சொல்கிற ரோஸ்லின், அப்புறம், ஓடைக்கரைப் பள்ளத்தில் சொந்தமாகத் தேயிலை வைத்திருக்கிற தெய்வானை.

போன மார்கழியில்தான் அது நடந்தது. தெய்வானை தன் பிரியாணியிலிருந்து நல்லியெலும்பைத் தனியே எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அவள் தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கிய நேரத்தில் ஜமீலா அதை எடுத்து, ஒரே உறிஞ்சாக உறிஞ்சி, கீழே வைத்துவிட்டாள். தெய்வானை டம்ளரை வைத்தாள், எலும்பைப் பார்த்தாள், எழுந்து போய்க் கை கழுவினாள், அப்படியே வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். அன்றையிலிருந்து ஜமீலாவோடு பேச்சில்லை. ஜமீலாவோடு பேசினதற்காக மற்ற இரண்டு பேரோடும் பேச்சில்லை.

ஆகவே இந்த மார்கழியில் மூன்று பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். சப்ளையர் குட்டிராஜ், பல வருஷமாக அதே மேஜைக்குப் பரிமாறுகிறவர், தண்ணீர் வைத்துக்கொண்டே, "தெய்வானையக்கா வரலீங்களா?" என்று கேட்டார். ரோஸ்லின் ஜெபத்தில் தெய்வானை பேரைச் சற்று அழுத்திச் சொன்னாள், ஜமீலா இருமினாள், அப்புறம் பேச்சே ஓடவில்லை. நாலு பேராக இருக்கும்போது ஒருத்தி பேசுவதை இன்னொருத்தி மறித்து, அதை மூன்றாவது ஆள் திருத்தி, அதற்கு நாலாவது ஆள் சிரித்து என்று ஓடுகிற பேச்சு, மூன்று கால் மேஜையைப் போல எந்தப் பக்கம் சாயலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தது. அமிர்தவல்லிக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. பாயா வருவதற்காக ஃபேமிலி ரூம் கதவு திறந்தது, அதற்கு நேரே தெருவாசலில் எப்போதும்போல மூடுபனி நின்றது. அவள் வாய் தானாகத் திறந்து, "என்னங்க வாசல்லயே நின்னுட்டு? உள்ள வாங்க, உக்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போலாம்" என்றது.

மூடுபனி தயங்கிற்று, மிதியடியில் கொஞ்சம் ஈரத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தது. சால்வை போர்த்திய கனத்த ஆள் உட்காருவதுபோல நாற்காலி கிறீச்சிட்டது. ஜன்னல் கண்ணாடி வியர்த்தது. குட்டிராஜ் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜையைத் துடைத்து, புதிதாக ஓர் இலையைப் போட்டு, "அவங்களுக்கு என்னங்க?" என்று கேட்டார்.

"குளிர்ல வந்திருக்காங்க. சூடா ஒரு பாயா குடுங்க" என்றாள் ஜமீலா.

மூடுபனி பாயாவை நாசூக்காகச் சாப்பிட்டது. கிண்ணத்தின்மேல் குனிந்து ஆவியை மட்டும் இழுத்துக்கொண்டது. குழம்பு கிண்ணத்திலேயே ஜெல்லி மாதிரி உறைந்து நின்றது. பரோட்டாவின் சூட்டை எடுத்தது, சுக்குக் காப்பியின் சூட்டை எடுத்தது, ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊதி, கடைசியில் நாற்காலியின் இரண்டு பக்கமும் வழிந்தது. ரோஸ்லினுக்கு ஒரு கவலைதான். "பேர் தெரியாம எப்படிடி ஜெபத்துல சேக்கறது?"

மூன்று பேரும் சீக்கிரமே எழுந்து போனார்கள். மூடுபனி எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நெடுமட்டத்துக்காரர்கள் கதவைத் திறந்தால், எதிர்வீடு தெரிந்தது. எதிர்வீட்டுக்கு அப்பால் மலை தெரிந்தது. பல பேருக்குத் தங்கள் ஊரில் இத்தனை மலை இருக்கிற விஷயமே அன்றுதான் தெரியும். மார்கழியில் துணி காய்ந்து அறியாத ஊர், பெட்டியில் கிடந்த கம்பளியையும், கல்யாணத்துக்குத் தைத்து ஈரவாடையிலேயே கிடந்த கோட்டையும், சர்ச்சின் திரைச்சீலையையும், பள்ளிவாசல் ஜமக்காளத்தையும், பஜனைக் கோஷ்டியின் மிருதங்க உறையையும் எடுத்துச் சுவர் கண்ட இடமெல்லாம் காயப்போட்டது. வெயிலுக்குக் கண் கூசிய பெரியவர்கள் வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூடுபனி பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களை டிரைவர்கள் வியூ பாயிண்டில் நிறுத்தாமல் நேராக வெண்ணிலாவில் கொண்டுவந்து இறக்கி, "இப்பெல்லாம் வியூ உள்ளதாங்க இருக்கு" என்றார்கள்.

உள்ளே ஃபேமிலி ரூம் முழுக்க வெள்ளை. குட்டிராஜ் மஞ்சள் காகிதம் ஒட்டிய டார்ச்சை நெற்றியில் கட்டிக்கொண்டு, வளைவு வந்தால் வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு பரிமாறினார். மருந்துக்கடைக்காரர் தன் மனைவி என்று நினைத்து தாசில்தாரின் மாமியாருக்கு ஆம்லெட் ஊட்டிவிட்டார்; மாமியார் மிளகு குறைவு என்று மட்டும் சொன்னார். புகார் வந்ததால் விசாரிக்க வந்த எஸ்.ஐ., "எந்த ஊரு? இங்க எவ்வளவு நாளா இருக்காங்க?" என்று அதட்டினார். முதலாளி பத்ருதீன் கல்லாவிலிருந்தபடியே, "நம்ம எல்லாருக்கும் முன்னாடியிருந்தே இந்த ஊருதானுங்க சார்" என்றார். எஸ்.ஐ. மேலே ஏதோ கேட்க நினைத்தார், ஆனால் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சாயங்காலம் வரை பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. மூடுபனி ஆணா பெண்ணா என்று கடைவீதியில் ஒரு சண்டை கிளம்பி, எதற்கும் மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லோரும் "அவங்க" என்றே சொல்லப் பழகிக்கொண்டார்கள்.

இப்படியே போயிருந்தால் நெடுமட்டத்துக்கு அதில் ஒரு குறையும் இருந்திருக்காது. ஆனால் வானம் திறந்து கிடந்தால், மலையில் இரவுக்குப் போர்வை கிடையாது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பூமி ராத்திரியில் மேலே விட்டுவிட்டு நடுங்கிற்று. ஒரு காலையில் மைதானத்துப் புல் உப்பு தூவினது போல வெளுத்திருந்தது. அடுத்த காலையில் மாட்டுக்கு வைத்த வாளித் தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. மாடு அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்புறம் மேட்டுத் தோட்டங்களில் உருளைக்கிழங்கு இலை கருகத் தொடங்கியது. தேயிலைக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள், அப்புறம் ஹோட்டலைப் பார்த்தார்கள், அப்புறம் எல்லோரும் சேர்ந்து அமிர்தவல்லியின் கடைக்கு வந்தார்கள்.

"ஏனுங்கம்மா, உங்க விருந்தாளியை எப்பங்க கூட்டிட்டுப் போவீங்க?"

அமிர்தவல்லிக்கு ஆளைக் கூப்பிடத் தெரியுமே தவிர அனுப்பத் தெரியாது. இருந்தாலும் போனாள். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நேரமாயிருச்சுங்களே, வீட்ல தேடுவாங்களே" என்றாள். தன்மீது இத்தனை அக்கறையா என்று மூடுபனி நெகிழ்ந்து அவள் தோளிலும் படர்ந்தது. பத்ருதீன் பொறுமையிழந்து சமையலறையின் பெரிய ஃபேனைப் போட்டார். அது மூடுபனியில் பாதியைப் பின்பக்கமாக இழுத்து வெளியே தள்ளியது; தள்ளப்பட்ட பாதி ஹோட்டலைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வந்து, மிதியடியில் துடைத்துவிட்டு, பழைய இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் அதற்கு மனசு கோணிவிட்டது. அன்றையிலிருந்து வெண்ணிலாவில் பொரித்த அப்பளம் எல்லாம் எண்ணெயிலிருந்து எடுத்ததுமே துணி மாதிரி துவண்டது.

அப்பளத்தைப் பற்றி ஊர் பேசிக்கொண்டிருந்தபோதுதான், கடைவாசலில் நின்றுகொண்டிருந்த அமிர்தவல்லிக்கு ஓடைக்கரைப் பள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. குளிர் மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும். மேட்டிலேயே இலை கருகுகிறது என்றால் பள்ளத்தில் என்ன மிஞ்சும்? தெய்வானையின் புருஷன் போனதற்கப்புறம் அவளுக்கு இருப்பது அந்தச் செடிகள்தான். ஒரு செடி கருகினால் கவாத்து வெட்டி, மறுபடி துளிர்விட்டு, பறிக்கிற பதம் வர எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று அவள்தான் வருஷா வருஷம் சாப்பாட்டு மேஜையில் சொல்லிச் சொல்லி எல்லோரையும் கொட்டாவி விட வைப்பாள். அமிர்தவல்லி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ரோஸ்லினையும் ஜமீலாவையும் இழுத்துக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கினாள்.

தெய்வானை புருஷனுடைய பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, ரப்பர் கம்பூட் காலோடு, வீட்டிலிருந்த புடவைகளையெல்லாம் கொண்டுவந்து தேயிலைச் செடிகளுக்குப் போர்த்திக்கொண்டிருந்தாள். முன்வரிசைக்குச் சுங்கடி, நடுவரிசைக்கு நைலக்ஸ், ஓடையை ஒட்டிய செடிகளுக்குக் கல்யாணப் பட்டு. அப்படியும் முக்கால் தோட்டம், இலை ஓரம் கருகத் தொடங்கி, போர்வையில்லாமல் நின்றது. வந்தவர்களைப் பார்த்தும் பார்க்காததுபோலக் குனிந்தாள்.

"அமிர்து, அவகிட்ட சொல்லு. செடியை மிதிக்காம நிக்கச் சொல்லு."

"அமிர்து, அவகிட்ட சொல்லு. நான் பாத்துத்தான் நிக்கிறேன்" என்றாள் ஜமீலா.

"பாத்தாளாம். ஓரமா வச்சதை எடுக்கிறவளுக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கும்னு சொல்லு."

ரோஸ்லின் நடுவில் புகுந்து, "தெய்வா, அந்த மூடுபனி ஹோட்டலை விட்டு வந்தாத்தான் உன் செடி தப்பும். நீயும் வாடி" என்றாள்.

"எனக்கும் அதுக்கும் என்ன? கூப்பிட்டவ அனுப்பட்டும்."

"அது உன் சேர்லதான் உக்காந்திருக்கு" என்றாள் அமிர்தவல்லி.

தெய்வானையின் கையிலிருந்த புடவை நின்றது. "எது? ஜன்னலோர சேரா?"

"ஆமா."

"என்ன சாப்பிடுது?"

"பாயா."

"என் சேர்ல உக்காந்து, பாயாவா?" தெய்வானையின் மூக்கு சிவந்தது. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். "நீ எல்லாரையும்தான் கூப்பிடுவே அமிர்து. பஸ்ல போறவனைக் கூப்பிடுவே. உன் வாய் அப்படி. அதை நம்பி யாராவது கெளம்புவாங்களா?"

அமிர்தவல்லி உடனே பதில் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் அது அபூர்வம். ஈர மண்ணில் நின்றபடி, சுங்கடி போர்த்திய செடிகளைப் பார்த்தாள், இந்த ஒரு வருஷத்தில் தான் வயிறு வலிக்கச் சிரித்ததே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "அதெல்லாம் வாய் கூப்பிட்டது தெய்வா" என்றாள். "நீ இல்லாம சோறே எறங்கலடி. நீ வரணும்."

தெய்வானை கையிலிருந்த புடவையை மடித்தாள். தேவைக்கு அதிகமாக, ரொம்பச் சின்னதாக மடித்தாள். "கை கழுவிட்டு வர்றேன்" என்றாள்.

நாலு பேரும் மேடேறி வெண்ணிலாவுக்குள் நுழைந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடியப்போகிற சமயம். பாதி ஊர் ஹோட்டல் வாசலில் நின்றது. தெய்வானை ஓவர்கோட்டோடு நேராக ஜன்னலோரம் போய், இடுப்பில் கை வைத்து, "எந்திரி" என்றாள்.

மூடுபனி எழுந்திருக்கவில்லை. ஆனால் பஸ்ஸில் நல்ல மனசுக்காரர்கள் செய்கிற மாதிரி கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, பாதி நாற்காலியைக் காலி செய்தது. தெய்வானை ஒரு கணம் யோசித்தாள். பிறகு அந்தப் பாதியில் தொப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவளைக் காணோம். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள், அவர்களையும் காணோம். வெள்ளைக்குள்ளிருந்து தெய்வானையின் குரல் மட்டும், "குட்டிராஜூ, நாலு பிரியாணி. இவங்களுக்கு வழக்கமானது" என்றது.

குட்டிராஜ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, தடவித் தடவித் தட்டுகளை வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் சாப்பிடுகிற சத்தம் மட்டும். யார் கை எந்தத் தட்டில் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வெள்ளையில் முகம் இல்லை, முறைப்பதற்குக் கண் இல்லை, திருப்பிக்கொள்ள ஒரு பக்கம்கூட இல்லை.

"அமிர்து, அவகிட்ட சொல்லு..." என்று ஜமீலாவின் குரல் ஆரம்பித்தது.

"நேராச் சொல்லுடி. உன் மூக்குக்கு முன்னாடிதான் இருக்கேன்."

"அது வந்து... நீ ஓரமா வச்சிருந்தியா. வேணாம்னு ஒதுக்கிட்டியோன்னு நெனச்சேன்."

"நல்லதை எல்லாம் கடைசிக்கு வச்சுச் சாப்பிடறவ நான். இன்ஸ்டிட்யூட் காலத்துலேருந்து பாக்கறே. உனக்குத் தெரியாதா?"

வாசலில் நின்ற ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"தெரியும்" என்றாள் ஜமீலா. "தெரியும்டி. ஆனா அது என்னையே பாத்துட்டு இருந்துச்சு."

முதலில் ரோஸ்லின்தான் வெடித்துச் சிரித்தாள். வாயில் இருந்த சோறு எங்கே போனதென்று தெரியவில்லை; தாசில்தாரின் மாமியார் மட்டும் தூரத்து மேஜையிலிருந்து ஏதோ முணுமுணுத்தார். பிறகு அமிர்தவல்லி. பிறகு, அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், மூக்கு வழியாகக் குதிரை மாதிரி கனைத்துக்கொண்டு தெய்வானை. அவள் சிரிப்பு, கூடவே உட்கார்ந்திருந்த மூடுபனியையும் குலுக்கியது. அது குலுங்கக் குலுங்க விட்டத்திலிருந்து மேஜைமேல் தூறல் விழுந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சமையலறையில் அப்பளங்கள் ஒவ்வொன்றாக மொறமொறவென்று நிமிர்ந்தன. ஜமீலா சிரித்தாளா அழுதாளா என்பதை மூடுபனி யாருக்கும் காட்டவில்லை.

கை கழுவிவிட்டு வந்தபோது ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்திருந்தது. தெய்வானை வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை. இன்று ராத்திரி பள்ளத்தில் என்ன இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் நாற்காலியின் பக்கம் திரும்பி, சொந்தக்காரர்களிடம் பேசுகிற குரலில், "வயிறு நெறைஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். "ஹோட்டல் சாப்பாடு எத்தனை நாளைக்கு ஒத்துக்கும்? என் வீடு பக்கத்துலதான். சின்ன இடம்தான், ஆனா கால் நீட்டிக்கலாம். வாங்க, போலாம்."

மூடுபனி எழுந்தது. அத்தனை நாள் சாப்பிட்ட உடம்பு. ஒரேயடியாக எழ முடியாமல் மேஜையில் கை ஊன்றி எழுந்தது. குட்டிராஜ் ஓடிப்போய்க் கதவை முழுசாகத் திறந்துவிட்டார். பத்ருதீன் கல்லாவை விட்டு இறங்கி, "மறுபடி வாங்க" என்று சொல்ல வாயெடுத்து, நல்லவேளையாக விழுங்கிக்கொண்டார். நாலு பெண்கள் முன்னே நடக்க, கடைவீதியை இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு, காயப்போட்ட துணிகளை உரசிக்கொண்டு, பாயாவும் சுக்கும் மிளகும் கரம் மசாலாவும் மணக்க, வெதுவெதுவென்று மூடுபனி அவர்கள் பின்னால் வந்தது. சர்ச் வாசலில் நின்றவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். எஸ்.ஐ. லாரிகளை நிறுத்தி வைத்தார். மேட்டுத் தோட்டங்களைத் தாண்டும்போது போகிற போக்கில் உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. பள்ளத்துக்கு வந்ததும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டு, பட்டுப்புடவைக்கும் நைலக்ஸுக்கும் வெறும் செடிகளுக்கும் மேலாகக் காலை நீட்டிப் படுத்தது.

தேயிலை இலைகள் அந்தச் சூட்டில் லேசாக வியர்த்தன. தெய்வானை ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள், விரலை மூக்கில் வைத்தாள், ஓவர்கோட் பையில் கையை விட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் நாய்கள் வந்தன. முதலில் கசாப்புக்கடை நாய், அப்புறம் கடைவீதி நாய்கள், அப்புறம் பக்கத்து எஸ்டேட் நாய்கள், அடுத்த மலையிலிருந்து கழுத்தில் மணி கட்டிய யாரோ வீட்டு அல்சேஷன். சரிவெங்கும் தேயிலை வரிசைகளுக்கு நடுவில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டு, மூக்கை மேலே தூக்கி, கண்ணை மூடி, காற்றை நக்கின. தெய்வானைக்கு வந்ததே கோபம். கம்பூட் காலோடு வெள்ளைக்குள் இறங்கி, "எந்திரிங்கடா! தோட்டமாடா இது, ஹோட்டலாடா?" என்று கத்திக்கொண்டு ஓடினாள். ஒரு நாயும் அசையவில்லை. அவளைத் தடுக்கப்போன ஜமீலா எதன்மேலோ தடுக்கி விழுந்தாள், விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அவளைத் தூக்கப்போன தெய்வானையும் பக்கத்திலேயே சறுக்கி உட்கார்ந்தாள். ஒரு நாய் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

மேலே வரப்பில் ரோஸ்லினோடு நின்றுகொண்டிருந்த அமிர்தவல்லிக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே இரண்டு சிரிப்பு கேட்டது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. பிரித்துப் பார்க்க அவள் முயலவும் இல்லை. மசாலா வாசனையை நெஞ்சு நிறைய இழுத்தாள். அப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தவளுக்கு, மறுபடியும் நல்லாப் பசித்தது.